துணி உட்கார்ந்திருந்த நாற்காலி

சோர்வு ஏன் வருகிறது என்று டாக்டரம்மா பேசிய அரை மணி நேரமும் நாங்கள் நாற்பது பேரும் நின்றுகொண்டே கேட்டோம். சாப்பாட்டு இடைவேளையே எங்களுக்கு முப்பத்தைந்து நிமிஷம்தான். அதை அப்படியே தூக்கி இதில் போட்டுவிட்டார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடம் எங்களுடையது. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் விரிப்புகளை அழுத்திச் சுடச்சுட வெளியே தள்ளும் உருளை, இந்தப் பக்கம் மடிக்கிற மேசைகள். உருளையை நிறுத்தினால் மறுபடி சூடேற நேரம் பிடிக்கும் என்பதால் நிறுத்தவில்லை. அந்த இரைச்சலுக்கு மேலே டாக்டரம்மா கத்திக் கத்திப் பேசினார். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கருவளையம். "போதுமான தூக்கம் இல்லாதது" என்ற இடத்தில் அவருக்கே கொட்டாவி வந்துவிட்டது. கையிலிருந்த மஞ்சள் தாளால் வாயை மறைத்துக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது. இந்தப் பெண்ணை எந்தக் கூடத்தில் நிற்க வைத்து யார் சோர்வைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மஞ்சள் தாளை எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். மேலே நெற்றியில் கைவைத்த ஒரு பெண்ணின் படம். தலைவலியிலும் பல்வரிசை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எண் போட்டுப் பத்துக் காரணங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, காலையில் சாப்பிடாமல் ஓடுவது, தூக்கம் போதாமை, படுக்கையில் செல்போன், கூடிய எடை, மனக்கவலை என்று போய், பத்தாவதாக உடற்பயிற்சி இல்லாமை என்று முடிந்தது. பத்தாவதைப் படித்தபோது பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. என் பக்கத்தில் நின்ற தந்தி, "அடேங்கப்பா" என்றாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது. அவளுக்குத் தந்தி என்று பெயர் வந்ததே அப்படித்தான். வார்த்தைக்கு இவ்வளவு என்று யாரோ வசூலிக்கிற மாதிரிதான் பேசுவாள்.

நான் கையைத் தூக்கினேன். "டாக்டரம்மா, இதெல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு, எல்லாம் நார்மல்னு வந்துச்சுன்னா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அப்போ... ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார். அதற்குள் மேலாளர் கையைத் தட்டி, "சரி சரி, டைம் ஆச்சு, போங்க போங்க" என்று எங்களைக் கலைத்துவிட்டார்.

தாளில் இருந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. தந்திக்கு உண்மையிலேயே தைராய்டுதான் இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட ஆரம்பித்த பிறகு அவள் முகத்தில் ரத்தம் ஓடியது, முடி கொட்டுவது நின்றது. எனக்கு ரத்தம் குறைவு என்று போன வருஷம் சொன்னார்கள். மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினேன். ரிப்போர்ட்டில் எண் ஏறியது. நான் ஏறவில்லை. காலையில் எழும்போதே முந்தின நாள் வேலை முழுவதையும் இப்போதுதான் முடித்த மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் செல்போனில் படித்துப் படித்து ஆளுக்கொரு யோசனை சொல்லும் கூட்டத்தின் தலைவர். தண்ணீர் குடி என்பார், வெயிலில் நில் என்பார், மூச்சை இழுத்து விடு என்பார். நல்ல மனுஷர். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அதையெல்லாம் சோபாவில் சாய்ந்துகொண்டுதான் சொல்வார், நான் அதை நின்றுகொண்டு கேட்பேன்.

ஏன் நின்றுகொண்டு என்று கேட்டால் அது ஒரு கதை. எங்கள் சாப்பாட்டு மேசைக்கு நாலு நாற்காலிகள், நீல நிற பிளாஸ்டிக், ஒரே செட்டாக வாங்கியது. ஒன்று அவருக்கு, ஒன்று மாமனாருக்கு, ஒன்று மகளுக்கு. நாலாவது என்னுடையது. கொடியிலிருந்து எடுத்த துணியை ஒருநாள் அவசரத்துக்கு அதன்மேல் போட்டேன். மறுநாள் மடிக்க நேரமில்லை. மூன்றாம் நாள் புதுத்துணி சேர்ந்தது. இப்படியே ஏழெட்டு வருஷம் ஆகிறது. நாள் முழுக்க ஊரார் துணியை மடித்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டுத் துணியைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல் வருமா வராதா? யாரும் என்னை எழுந்திரு என்று சொன்னதில்லை. நானும் உட்கார வேண்டும் என்று கேட்டதில்லை. அடுப்பு மேடையில் சாய்ந்து நாலு வாய் அள்ளிப்போட்டுக்கொள்வது பழகிவிட்டது. துணி உட்கார்ந்திருந்தது, நான் நின்றேன்.

வேலையிலும் முன்னெல்லாம் உட்கார இடம் இருந்தது. விரிப்பை நின்றுதான் மடிக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, மூலையோடு மூலை சேர்த்து, திரும்ப விலகி. ஆனால் தலையணை உறை, துண்டு, ஆபரேஷன் தியேட்டர் துணி எல்லாம் மேசைமேல் வைத்து மடிப்பவை. அதற்கு எட்டு முக்காலிகள் இருந்தன. ஒன்றரை வருஷத்துக்கு முன் புது மேலாளர் வந்ததும் ஒரு காலையில் முக்காலிகளைக் காணோம். "உக்காந்தா தூக்கம் வரும்" என்றார். அதே மாதத்தில் தியேட்டர் மேசையில் நாலு பேராக இருந்த நாங்கள் இரண்டு பேராகிவிட்டோம், தந்தியும் நானும். மற்ற இருவர் எங்கே போனார்கள் என்றால், ஒருத்தி ஓய்வு பெற்றாள், ஒருத்தி மாற்றலாகிப் போனாள், அந்த இடங்கள் காலியாகவே இருக்கின்றன. துணி மட்டும் குறையவில்லை.

உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்றாரே, நின்றாலும் வரும் என்று அவருக்குத் தெரியாது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த வேலையில் இருப்பவர்களுக்கும் இது புரியாது. விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்து இழுத்தவுடன் நானும் தந்தியும் கண்ணை மூடிக்கொள்வோம். அப்படியே நாலு எட்டு நடந்து வருவோம். அவள் விரல் என் விரலில் படும்போது கண்ணைத் திறப்போம். நாலு விநாடி. கை தொடும் வரை தூக்கம் என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு, எல்லாவற்றையும் கூட்டினால் நாற்பது நிமிஷம் வருகிறது. பதினோரு வருஷத்தில் ஒரு மூலைகூடக் கோணியது கிடையாது. பிறகு இந்தப் பழக்கம் விரிப்போடு நிற்கவில்லை. உறை மடிக்கும்போதும் துண்டு அடுக்கும்போதும் கண் தானாக மூட ஆரம்பித்தது. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. கண்ணை மூடிக்கொண்டு மடிப்பேன் என்று சொல்லிக்கொள்வது எங்களுக்குள் ஒரு பெருமை. வினை அங்கேதான் இருந்தது.

டாக்டரம்மா போன பிறகு, மணி அடிக்க இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட நேரமில்லை. தியேட்டர் மேசையில் பச்சைத் துணி ஒன்று விரித்துக் கிடந்தது. அதன் நடுவில் மடித்த துணிகளை வரிசையாக அடுக்குவது என் வேலை. நாலு மூலையையும் உறைபோல மூடி ஒட்டி, தன் எண் எழுதிய சீட்டைச் செருகுவது தந்தியின் வேலை. பிறகு அந்தக் கட்டு நீராவிப் பெட்டிக்குள் போய்க் கிருமி செத்து, மாடியில் இருக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கு ஏறும். சீட்டில் பேனாவால் எழுதினால் நீராவியில் பரவிவிடும் என்பதால் எங்களுக்குப் பென்சில்தான். என் பென்சில் எப்போதும் கொண்டையில் செருகியிருக்கும். அதை உருவினேன். மஞ்சள் தாளைப் பச்சைத் துணிமேல் வைத்து, பத்தாவதற்குக் கீழே எழுத ஆரம்பித்தேன். கோபத்தில் எழுத்து பெரிது பெரிதாக வந்தது.

11. நாலு பேர் வேலையை ரெண்டு பேர் செய்வது.
12. முக்காலியை எடுத்துக்கொண்டு போனவர்.
13. வீட்டில் என் நாற்காலியில் துணி உட்கார்ந்திருப்பது.
14. "அப்படி என்னதான் செஞ்சுட்ட?" என்கிற கேள்வி.
15. சோர்வு ஏன் வருகிறது என்று அரை மணி நேரம் நிற்க வைத்துச் சொல்வது.

தந்தி எட்டிப் பார்த்துப் படித்தாள். "சரி" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. மணி அடித்தது. பென்சிலைக் கொண்டையில் செருகினேன். கண்ணை மூடினேன். கை துணியை எடுத்து அடுக்க ஆரம்பித்தது, மஞ்சள் தாளின் மேலேயே.

தாளைக் காணோம் என்று நான் தேடக்கூட இல்லை. மறந்தே போனேன்.

இரண்டு நாள் கழித்து மாடியில் ஒரு கட்டைப் பிரித்தார்கள். ஆபரேஷன் மேசையில் ஒரு நோயாளி படுத்திருந்தார். நல்லவேளை, மயக்க மருந்து கொடுத்திருக்கவில்லை. துணியை எடுத்த நர்ஸின் கையில் மஞ்சள் தாள் வந்தது. தாள் கிடந்த கட்டை நம்ப முடியுமா? ஒதுக்கிவிட்டு வேறு கட்டு வரும்வரை காத்திருந்ததில் அரை மணி நேரம் தாமதம். பெரிய டாக்டர் தாளை வாங்கி, அத்தனை பேர் நடுவில், பதினைந்து வரை உரக்கப் படித்தாராம். இதெல்லாம் எனக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்து நிமிர்ந்தபோது எதிரே தந்தி இல்லை. பக்கத்து மேசைக்காரி ஓடிவந்து காதில் சொன்னாள். "சீட்டுல அவ நம்பர் இருந்துச்சாம். நேத்து சாயங்காலமே கூப்பிட்டுக் கேட்டாங்களாம். எழுதினது யாருன்னு அவ வாயே திறக்கலையாம். வீட்டுல இருன்னு அனுப்பிட்டாங்க."

எனக்கு முதலில் மனசில் வந்தது பயம் இல்லை, அந்த நோயாளி. யாரோ எவரோ, சில்லென்ற அறையில் மேல்சட்டை இல்லாமல் படுத்துக்கொண்டு, என்ன ஆகுமோ ஏது ஆகுமோ என்று விளக்கைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் கூடுதலாகக் கிடந்திருக்கிறார். அதற்கு நான் காரணம். அடுத்து தந்தி. அவள் ஒருத்தி சம்பளத்தில் அவள் அம்மாவும் படிக்கிற தங்கையும் இருக்கிறார்கள். வார்த்தையைச் செலவு செய்யாதவள் என்று அவளை எத்தனை கேலி செய்திருப்பேன். செலவு செய்ய வேண்டிய இடத்திலும் செய்யாமல் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாள். விரிப்பைக் கீழே போட்டேன். நேராக மேலாளர் அறைக்கு நடந்தேன்.

மேலாளரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அவரைப் பார்த்தால் அப்படிச் சொல்லவும் வராது. மூன்று மருத்துவமனைகளின் சலவைக்கூடங்களை அவர் ஒருவரே பார்க்கிறார். சட்டைக் காலரில் பட்டன் மாறிப் போட்டிருந்தது. மேசையில் பாதி குடித்து ஆறிப்போன டீ மூன்று கோப்பை. என் மஞ்சள் தாளைக் கண்ணாடி பேப்பர்வெயிட்டின் கீழே வைத்திருந்தார்.

"சார், அது என் எழுத்து. அடுக்கினதும் நான்தான். அவ மேல எந்தத் தப்பும் இல்ல."

அவர் பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு மாதிரிதான் இருந்தது. "எப்படிம்மா? கண்ணை மூடிட்டா வேலை செய்வீங்க?"

"ஆமா சார்" என்றேன்.

இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பன்னெண்டாவது நானா?"

"முக்காலியை எடுத்தது நீங்கதானே சார்?"

அவர் அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தது, பெயர் போட மட்டும் இடம் விட்டிருந்தது. எனது சொந்த உடல்நலக் குறைவினால் ஏற்பட்ட சோர்வின் காரணமாகக் கவனக்குறைவாக நடந்துகொண்டேன், தகுந்த சிகிச்சை எடுத்துக்கொள்கிறேன், பணியிடச் சூழல் குறித்து எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இரண்டு முறை படித்தேன். கடைசி வரியில் கண் நின்றது.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. மாடிக்கு அனுப்பிடறேன். நாளைக்கே ரெண்டு பேரும் வேலைக்கு வரலாம். நான் உங்களுக்கு நல்லதுதாம்மா பண்றேன்."

"சார், போன மாசம் ரத்தம் டெஸ்ட் பண்ணேன். எல்லாம் நார்மல். எனக்கு என்ன உடல்நலக் குறைவுன்னு எழுதியிருக்கீங்க?"

"ஏதோ ஒண்ணும்மா. சோர்வுன்னு ஒண்ணு இருக்குல்ல? அதுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

"காரணம் எழுதியிருக்கேனே சார், உங்க கைக்குக் கீழதான் இருக்கு." என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "தப்பு என்னோடது. அந்த நோயாளி கால்ல விழச் சொன்னாலும் விழறேன். ஆனா காரணம் என் உடம்புன்னு நான் எழுத மாட்டேன். என் வார்த்தையில எழுதித் தரேன், அனுப்புங்க."

அவர் முகம் இறுகியது. "நாளைக்குக் காலையில எனக்கு இந்தப் பேப்பர் வேணும். இதே பேப்பர். இல்லன்னா ரெண்டு பேருமே வரவேண்டாம்."

அந்த 'ரெண்டு பேருமே'தான் கத்தி. நான் மட்டும் என்றால் அங்கேயே முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். பேருந்தில் திரும்பும்போது காகிதம் கைப்பைக்குள் நாலாக மடிந்து கிடந்தது. கை தன் பழக்கத்தில் மூலையோடு மூலை சேர்த்து மடித்து வைத்திருந்தது. இறங்கியதும் தெருமுனையில் நின்று தந்திக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டால் அவளுக்கு வேலை உண்டு, போடாவிட்டால் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. "நீ சொல்றதுதான். நீ போடுன்னா போட்டுடறேன், எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். எதிர்முனையில் அவள் அம்மா இருமுவது கேட்டது. ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"போடாதக்கா" என்றாள். வைத்துவிட்டாள்.

வீட்டில் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்பு மேடையில் சாய்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் காகிதத்தை வாங்கிப் படித்தார்.

"ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டு வேலையைப் பாரு."

"இதுல காரணம் என் உடம்புன்னு இருக்குங்க."

"உடம்புதானே சோர்வாகுது? வேற என்ன சோர்வாகும்?"

நியாயமான கேள்விதான். மாமனார், "தண்ணி கொஞ்சம்" என்றார். கூஜாவை எடுத்துக்கொண்டே கேட்டேன். "ஏங்க, லிஃப்ட் மேல ஏறாம நடுவுல நின்னுடுச்சுன்னு கூப்பிடறாங்க. போய் முதல்ல எதைப் பாப்பீங்க?"

"மோட்டாரையா?" என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டு, "இல்ல இல்ல, முதல்ல உள்ள எத்தனை பேர் ஏறியிருக்காங்கன்னு பாப்பேன்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த வாய் எடுத்த கை பாதியில் நின்றது. மனுஷர் மக்கு இல்லை. நான் இதுவரை அவரிடம் லிஃப்ட் பாஷையில் பேசியதில்லை, அவ்வளவுதான். அவர் கண் மெதுவாக நகர்ந்து நாலாவது நாற்காலியில் போய் நின்றது. அதில் அவருடைய வேலைச் சட்டைதான் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது.

மகள் எழுந்து போய்த் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தாள். "எழுதும்மா. உன் வார்த்தையில எழுது." பதினாறு வயசு. என்னிடம் ஒரு வார்த்தை கனிவாகப் பேசினால் கிரீடம் இறங்கிவிடும் என்று இருப்பவள். மேடையிலேயே தாளை வைத்து நின்றவாக்கில் எழுதினேன். நோயாளியிடமும் டாக்டரிடமும் மன்னிப்புக் கேட்டு முதல் பத்தி. அதற்குப் பிறகு பதினொன்றும் பன்னிரண்டும், விளக்கமாக. எட்டு முக்காலிகளைத் திரும்பக் கொடுக்க வேண்டும், தியேட்டர் மேசைக்கு ஆள் போட வேண்டும் என்று கடைசியில். மேசையில் என் ஜோடியான தந்திக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதை மட்டும் இரண்டு முறை எழுதினேன். மகள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"பதிமூணாவதை எழுதலையா?"

"அது வீட்டு விஷயம். அதை மேனேஜர் என்ன பண்ணுவார்?"

அவள் நாற்காலியைப் பார்த்தாள். "அதுல என் யூனிஃபார்மும் இருக்கு, இல்ல?" என்றாள். அவள் குரல் உள்ளே போய்விட்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை அப்படியே கோபமாக மாற்றிக்கொண்டேன், அது எனக்குச் சுலபம். நாற்காலியிடம் போனேன். துணிக்குவியலை இரண்டு கையாலும் வாரி அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சோபாவில், சரியாக அவர் சாய்கிற இடத்தில், கொட்டினேன். மடிக்கவில்லை. ஒரு கைக்குட்டையைக்கூட மடிக்கவில்லை. நாற்காலியின் பின்பக்கம் ஒரு சின்ன விரிசல் இருந்தது, இத்தனை வருஷம் துணி மறைத்திருந்தது. ஈரத்துணியால் தூசியைத் துடைத்தேன்.

"உக்காரப் போறியா?" என்றார் அவர்.

"இங்க இல்ல" என்றேன்.

காலைப் பேருந்தில் நாற்காலியோடு ஏறியபோது நடத்துனர் மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, இதுக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பீங்களா?" என்றார். உள்ளே நிற்கவே இடமில்லை. "அது உக்காராதுங்க, நான்தான் உக்காருவேன்" என்று சொல்லிவிட்டு, நடுவழியில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நின்றுகொண்டிருந்தவர்கள் முதலில் முறைத்தார்கள், அப்புறம் ஒருவர் சிரித்தார், ஒரு அம்மா தன் கனத்த பையை என் மடியில் வைத்துவிட்டு, "புத்திசாலி" என்றார். வாசல் காவலாளி நாற்காலியைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தார். உள்ளே இருந்து பொருளை வெளியே கொண்டுபோனால் தடுக்க அவருக்கு உத்தரவு இருந்தது. வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருவதைப் பற்றி அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "போங்க" என்றார்.

பெருமையாகச் சொல்கிறேனே தவிர, கூடத்தின் நீளத்துக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது பாதியிலேயே திரும்பிவிடலாமா என்று இருந்தது. முப்பத்தெட்டு பேர் மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பதினோரு வருஷ வேலை. இது போனால் இந்த வயதில் எங்கே போய் எந்த மூலையைப் பிடிப்பேன்? தியேட்டர் மேசை முன்னால் நாற்காலியைப் போட்டேன். விரிசல் தாங்குமா என்று ஒரு முறை அசைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தேன். தலையணை உறைகளின் குவியலை இழுத்து மடியில் வைத்தேன், உருளையிலிருந்து வந்த சூடு இன்னும் அதில் இருந்தது. குதிகாலிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல இறங்கிப் போயிற்று. கண்ணை மூடவில்லை. மூட வேண்டும் என்றே தோன்றவில்லை. என் கை ஒரு உறையை எப்படி மடிக்கிறது என்று பல வருஷம் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அழகாகத்தான் மடிக்கிறது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் சலசலப்பு. தந்தி வந்துகொண்டிருந்தாள். வரக்கூடாது என்று சொல்லப்பட்டவள் தலையை நிமிர்த்திக்கொண்டு, இடுப்பில் ஒரு மர முக்காலியை இடுக்கிக்கொண்டு வந்தாள். எதிரே போட்டாள். உட்கார்ந்து முந்தானையைச் செருகிக்கொண்டு கை நீட்டினாள். "குடு" என்றாள். பாதிக் குவியலை அவள் பக்கம் தள்ளினேன்.

அப்போது மேலாளர் வந்தார். உருளையின் இரைச்சலையும் தாண்டி அவருடைய காலணிச் சத்தம் எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தேன். எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நாற்காலியைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். பட்டன் இன்றைக்குச் சரியாகப் போட்டிருந்தார். "பேப்பர் எங்க?" என்றார்.

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்தது, மூலையோடு மூலை. அவருடைய காகிதம் இல்லை என்பது பிரித்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது, பள்ளிக்கூட நோட்டுத் தாள், கோடு போட்டது. கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். பழக்கதோஷத்தில் என் கால் எழுந்திருக்கப் பார்த்தது. இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டேன். தந்தியும் எழவில்லை. கூடத்தில் யாரும் மடிக்கவில்லை. உருளை மட்டும் யாரும் பிடிக்காத ஒரு விரிப்பைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நின்றபடியே முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நடுவில் ஒருமுறை உடல் எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றிக்கொண்டார். நான் அடுத்த உறையை எடுத்தேன்.